அறுபது வயதில் ஹிட்ச்காக் ஏன் 'சைக்கோ'வை எடுத்தார்?

'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்தையும் 'சைக்கோ'வையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்துவிட்டு ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். 1959இல் கேரி கிரான்ட்டை வைத்து அவ்வளவு மிடுக்கான, சிரிக்கவைக்கும் துரத்தல் படம் ஒன்றை எடுத்த ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், மறு ஆண்டே குளியலறையில் ஒரு பெண்ணைக் கத்தியால் குத்திக் கொல்லும் படத்துக்கு ஏன் இறங்கினார்? அவர் மனத்தில் ஏதேனும் நேர்ந்துவிட்டதா, அல்லது எல்லாம் பணத்துக்காகத்தானா? கேள்வியைக் கூர்ந்து படித்தால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தக் கதைப்பொருள் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. அதை ஏன் அந்த ஆண்டில், அந்த வடிவத்தில் எடுத்தார் என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஓரளவுக்குத்தான் பதில் சொல்ல முடியும், இரண்டாவதற்கு மிகத் தெளிவாகவே சொல்ல முடியும். நான் பல ஆண்டுகள் படத்தொகுப்பு மேசையில் வேலை பார்த்தவன். திரைப்பட மாணவர்களுக்கு இந்தப் படங்களை ஷாட் ஷாட்டாகப் பிரித்துக் காட்டிப் பாடமும் நடத்துகிறேன். ஆகவே ஒரு மனிதரின் உள்ளத்தை ஆராய்வதைவிட, அவர் வேலை செய்த விதத்திலிருந்து தொடங்குவதே எனக்குக் கைவந்த வழி.

முதலில், கேள்விக்குள் ஒளிந்திருக்கும் ஓர் எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். 'சைக்கோ'வுக்கு முந்தைய ஹிட்ச்காக் மென்மையானவர் அல்லர். அவருக்குப் பெயர் வாங்கித்தந்த 'தி லாட்ஜர்' 1927இல் வந்த மௌனப் படம். லண்டனில் இளம்பெண்களைத் தொடர்ந்து கொல்லும் ஒருவனைப் பற்றிய கதை அது. 1929இல் வந்த 'பிளாக்மெயில்' படத்தில், தன்னிடம் அத்துமீறும் ஓவியனைக் கதாநாயகி ரொட்டி வெட்டும் கத்தியால் கொல்கிறாள். கொலை திரைச்சீலைக்குப் பின்னால் நடக்கிறது. நமக்குத் தெரிவதெல்லாம் சீலையின் அசைவும், கத்தியைத் தேடி நீளும் கையும், பிறகு உயிரற்றுத் தொங்கும் இன்னொரு கையும்தான். 1936இல் 'சபோட்டாஜ்' படத்தில் வெடிகுண்டுப் பொதியோடு பேருந்தில் போகும் சிறுவனைக் கொன்றே விட்டார். பார்வையாளர்கள் அதை மன்னிக்கவில்லை, அது தவறு என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். 1943இல் 'ஷாடோ ஆஃப் எ டவுட்' படத்தில் குடும்பமே கொண்டாடும் அன்பான மாமா, பணக்கார விதவைகளைக் கொல்பவர். 1954இல் 'ரியர் விண்டோ'வில் எதிர்வீட்டுக்காரன் மனைவியைக் கொன்று துண்டுதுண்டாக அப்புறப்படுத்துகிறான். வண்ணமயமான ஆடைகளும் கிரேஸ் கெல்லியின் அழகும் கண்ணை நிறைப்பதால் அந்தக் கொடூரம் நம் நினைவில் மங்கிவிடுகிறது. ஆக, கதைப்பொருள் முப்பது ஆண்டுகளாக அவரிடமே இருந்தது. அதற்கு மேலே நட்சத்திரங்கள், வண்ணம், நகைச்சுவை, பெரிய செலவு என்று ஒரு போர்வை இருந்தது. 1960இல் அந்தப் போர்வை விலகியது. ஏன் விலகியது என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி.

அதற்கான முதல் காரணம் தொலைக்காட்சி. 1955 அக்டோபரில் 'ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரசன்ட்ஸ்' தொடர் தொடங்கியது. ஒவ்வொரு வாரமும் அவரே திரையில் தோன்றி, மரணத்தைப் பற்றிச் சற்றும் முகம் மாறாமல் வேடிக்கையாகப் பேசுவார். பிறகு சிறிய, கறுப்பு வெள்ளைக் கொலைக்கதை ஒன்று ஓடும். அந்தத் தொடரை எடுத்த குழு வேகமாகவும் சிக்கனமாகவும் வேலை செய்யப் பழகிய குழு. 'சைக்கோ'வின் ஒளிப்பதிவாளர் ஜான் எல். ரஸல் அந்தக் குழுவைச் சேர்ந்தவர். படத்தொகுப்பாளர் ஜார்ஜ் டொமாசினி, இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் போன்ற சிலரைத் தம் பெரிய படங்களிலிருந்து அழைத்துக்கொண்டார். பல பத்து லட்சம் டாலர்களைக் கொட்டி எடுத்த முந்தைய படங்களுக்கு எதிராக, இதை ஏறத்தாழ 8 லட்சம் டாலரில் முடித்தார். பாரமவுன்ட் நிறுவனத்துக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. அதனால் தம் வழக்கமான சம்பளத்தை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாகப் படத்தின் உரிமையில் 60 விழுக்காட்டைப் பெற்றார். படப்பிடிப்பையும் தொலைக்காட்சித் தொடர் எடுக்கப்பட்ட யூனிவர்சல் வளாகத்திலேயே நடத்தினார். 'பணத்துக்காகவா' என்ற கேள்விக்கு இதுவே பதில். பணமும் ஒரு காரணம்தான். ஆனால் கிடைப்பது உறுதியான பணத்தைத் துறந்து, கிடைக்குமா என்று தெரியாத பணத்தின் மேல் பந்தயம் கட்டியிருக்கிறார். கதையில் நம்பிக்கை இல்லாதவர் அப்படிச் செய்ய மாட்டார்.

இரண்டாவது காரணம் சந்தை. ஐம்பதுகளின் பிற்பாதியில் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட திகில் படங்கள் இளைஞர் கூட்டத்தை அள்ளிக்கொண்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை மோசமான படங்கள். அதே வேலையைத் தேர்ந்த கைகள் செய்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் அவருக்கு எழுந்ததில் வியப்பில்லை. இன்னொரு பக்கம், பிரான்ஸில் ஆன்ரி ஜார்ஜ் க்ளூஸோ 1955இல் எடுத்த 'லே தியாபோலிக்' படம் இருந்தது. கறுப்பு வெள்ளை, குளியல் தொட்டியில் ஒரு பிணம், முடிவை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று படத்தின் இறுதியில் ஒரு வேண்டுகோள். 'சைக்கோ'வை விற்ற விதத்தில் அதன் சாயல் நன்றாகவே தெரிகிறது. படம் தொடங்கிய பிறகு யாரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் விதி வைத்ததும், முன்கூட்டித் திரையிட்டுக் காட்டாமல் விமர்சகர்களைப் பொதுமக்களோடு உட்கார்ந்து பார்க்கவைத்ததும் அந்த ரகசியத்தைக் காப்பதற்காகத்தான். மூன்றாவதாக, ஹாலிவுட்டின் தணிக்கை நெறிமுறை தளர்ந்துகொண்டிருந்தது. பெயரளவில் அது 1968 வரை நீடித்தாலும், 1960இல் ஒரு பெரிய இயக்குநர் விடாமல் வாதாடினால் அதை வளைக்க முடிந்தது. கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் பாய்வதைத் திரையில் காட்டுவதே அன்று துணிச்சலான செயல்.

இனி வன்முறைக்கு வருவோம். கேள்வி கேட்டவர் வியந்தது அதைப் பார்த்துத்தானே. ராபர்ட் ப்ளாக் எழுதி 1959இல் வெளிவந்த நாவல்தான் படத்துக்கு மூலம். விஸ்கான்சின் மாநிலத்தின் பிளெய்ன்ஃபீல்ட் ஊரில் 1957இல் கைதான கொலையாளி எட் கீனின் வழக்கு, அந்த நாவலுக்கு ஒரு தூண்டுதல். நாவலில், சாலையோர விடுதி நடத்தும் நார்மன் பேட்ஸ் நடுத்தர வயதுக்காரன், பருமனானவன், குடிப்பவன். குளியலறைக் கொலையில் அந்தப் பெண்ணின் தலையே துண்டிக்கப்படுகிறது. படத்தில் அது இல்லை. 'வன்முறைக்குத் திரும்பிய' படம் என்று நாம் சொல்லும் இந்தப் படம், தன் மூலக்கதையைவிடக் குறைவான வன்முறை கொண்டது என்பதை என் மாணவர்கள் யாரும் முதலில் நம்புவதில்லை. திரைக்கதையாசிரியர் ஜோசப் ஸ்டெஃபானோவும் ஹிட்ச்காக்கும் கொலையைக் குறைத்துவிட்டு, கொலைக்கு முந்தைய பகுதியை வளர்த்தார்கள். நாவல் நார்மனிடம் தொடங்குகிறது. படமோ குளியலறையில் சாகப்போகும் மேரியனிடம் தொடங்குகிறது. காதலனோடு மதிய வேளை விடுதி அறை, முதலாளியின் 40,000 டாலர் திருட்டு, காரில் தப்பியோட்டம், மழை, தவறு செய்துவிட்டோம் என்ற உணர்வு என ஏறத்தாழ 47 நிமிடங்கள் நாம் அவளோடு பயணிக்கிறோம். திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவள் தீர்மானித்த பிறகுதான் கத்தி வருகிறது. பார்வையாளரைத் தாக்கியது இதுதான். அதற்கு முன்பும் திரையில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். ஆனால் புகழ்பெற்ற நடிகை ஏற்ற மையப் பாத்திரம், படத்தின் பாதிக்கு முன்பே, எந்தக் கதைநியாயமும் இல்லாமல் சாவது யாருக்கும் பழக்கமில்லை. அந்த நாவலில் தம்மை ஈர்த்தது குளியலறைக் கொலையின் திடீர்த்தன்மை மட்டும்தான் என்று பிரெஞ்சு இயக்குநர் ஃப்ரான்சுவா த்ரூஃபோவிடம் 1962இல் நடந்த நீண்ட உரையாடலில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்தக் காட்சியைத் தொகுப்பு மேசையில் வைத்துப் பார்த்தால் அவருடைய மனநிலை ஓரளவு பிடிபடுகிறது. படப்பிடிப்பு 1959 டிசம்பரில் ஒரு வாரம் நடந்தது. முழுப் படத்தையும் வேகமாக எடுத்தவர் இந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் அவ்வளவு நேரம் ஒதுக்கினார். 78 கேமரா நிலைகள், 52 வெட்டுகள் (அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவும் இடங்கள்) என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை சற்று மாறும். கத்தி உயர்கிறது, வெட்டு, அலறும் வாய், வெட்டு, தண்ணீர், வெட்டு, கால்கள், வெட்டு. கத்தி உடலைத் துளைப்பதை நாம் பார்த்ததாகச் சத்தியம் செய்வோம். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. ஒரே ஒரு துண்டில், ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம், கத்தி முனை வயிற்றைத் தொடுவது போலத் தெரியும், அவ்வளவுதான். ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். வண்ணத்தில் எடுத்திருந்தால் அந்த ரத்தம் அருவருப்பாக இருந்திருக்கும் என்பதால்தான் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்ததாக அவர் சொன்னதை நான் நம்புகிறேன், செலவும் அதற்குக் காரணம் என்றாலும். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். தந்திக் கருவிகளை மட்டுமே வைத்து ஹெர்மன் எழுதியதைக் கேட்ட பிறகு மனம் மாறினார். 1929இல் திரைச்சீலை செய்த மறைக்கும் வேலையை 1960இல் வெட்டுகள் செய்தன. மறைப்பதில் அவருக்கு இருந்த அக்கறை குறையவே இல்லை.

ஆனாலும் 'சைக்கோ'வில் உண்மையிலேயே புதிதான ஒன்று உண்டு. அது கொலைக்குப் பிறகு வருகிறது. நார்மன் குளியலறையைக் கழுவும் பகுதியைப் பொறுமையாகப் பாருங்கள். பேச்சே இல்லை. வாளி, துடைப்பம், தரை, தொட்டியின் விளிம்பு, ஈரக் கைகள்; ஒரு வேலையைச் செம்மையாகச் செய்து முடிக்கும் மனிதனை நிதானமாகக் காட்டுகிறார். பிணத்தைக் காரில் வைத்துச் சதுப்புக் குட்டைக்குள் தள்ளுகிறான். கார் பாதி அமிழ்ந்ததும் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில், மேரியனுக்காக நெஞ்சு பதைத்த அதே நாம், கார் முழுவதும் மூழ்கிவிட வேண்டுமே என்று தவிக்கிறோம். மூழ்கியதும் மூச்சு விடுகிறோம். வகுப்பில் திரையிடும்போதெல்லாம் இந்த இடத்தில் மாணவர்களின் முகங்களைத்தான் நான் கவனிப்பேன். இது தவறியதே இல்லை. எனக்குத் தெரிந்தவரை அவருடைய இருள்நோக்கிய திருப்பம் என்று சொல்லத்தக்கது இதுவே. ரத்தத்தின் அளவு கூடியதல்ல விஷயம். பார்வையாளரின் பரிவை ஒருவரிடமிருந்து பிடுங்கி, குற்றத்தை மறைப்பவனிடம் ஒப்படைத்து, நாம் அதை மறுக்கவும் முடியாதபடி செய்தார். முந்தைய படங்களில் இதன் விதைகள் இருந்தாலும் இவ்வளவு ஈவிரக்கமில்லாமல் அவர் அதைச் செய்ததில்லை.

மனத்தில் ஏதேனும் நேர்ந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே உறுதியானதும் ஐயத்துக்குரியதும் கலந்து கிடக்கின்றன. சிறுவயதில் தந்தை ஒரு சீட்டைக் கொடுத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பினார், அங்கே சில நிமிடங்கள் தம்மை அறையில் அடைத்தார்கள் என்று ஹிட்ச்காக் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு அவர் சொல் மட்டுமே ஆதாரம். தம்மைப் பற்றிய கதைகளைச் செதுக்கிச் சொல்வதிலும் அவர் வல்லவர். 1945இல் நாஜி வதைமுகாம்களைப் பற்றிய பிரிட்டிஷ் ஆவணப்படம் ஒன்றுக்கு அவர் சிறிது காலம் ஆலோசகராக இருந்தது உண்மை. அந்தப் படம் அப்போது கிடப்பில் போடப்பட்டது. அங்கே பார்த்த பிம்பங்கள்தான் 'சைக்கோ'வாக வெளிப்பட்டன என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இடையில் வந்த பதினைந்து ஆண்டுகளையும் அப்போது எடுத்த பல படங்களையும் தாண்டி அப்படி ஒரு கோடு இழுப்பதற்குச் சான்று இல்லை. 1957இல் அவருக்கு அறுவை சிகிச்சைகள் நடந்ததும், 1958இல் மனைவி ஆல்மாவுக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டதும் நடந்தவையே. சாவு அவ்வளவு அருகில் வந்துபோனது ஒரு கலைஞரைப் பாதிக்காமல் இருக்காது என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அதற்குப் பிறகு அவர் எடுத்த முதல் படம் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' என்பதை மறந்துவிடக்கூடாது; துயரம் அவரை இருளுக்குத் தள்ளியது என்றால் அந்தப் படத்தின் குதூகலத்துக்கு என்ன விளக்கம்? ஒரு படத்தை வைத்து அதை எடுத்தவரின் நோயைக் கண்டுபிடிக்கும் வேலையை நான் செய்யமாட்டேன்.

இதே ஆண்டில் இதே திருப்பத்தை எடுத்து வீழ்ந்த இன்னொருவரை அருகில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். மைக்கேல் பவல், 'தி ரெட் ஷூஸ்' போன்ற படங்களால் பிரிட்டனில் பெருமதிப்புப் பெற்றவர். இளம் வயதில் ஹிட்ச்காக்கின் மௌனப் படம் ஒன்றுக்கு நிழற்படக்காரராக வேலை பார்த்தவர். 1960 ஏப்ரலில் அவருடைய 'பீப்பிங் டாம்' வெளியானது. பெண்களைக் கொல்லும்போது அவர்களுடைய அச்சத்தையே படம்பிடிக்கும் ஓர் இளம் கேமராக் கலைஞனின் கதை அது. ரத்தம் கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் பிரிட்டிஷ் விமர்சகர்கள் அதைக் குப்பையில் எறியச் சொல்லும் அளவுக்குக் கொதித்தார்கள். படம் அரங்குகளிலிருந்து விரைவில் மறைந்தது. பவல் அதற்குப் பிறகும் சில படங்கள் எடுத்தார் என்றாலும் பழைய இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை; அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி போன்றவர்களின் முயற்சியால் எழுபதுகளின் இறுதியில்தான் படம் மீட்கப்பட்டது. இரு படங்களும் கொலைகாரனிடம் நம்மைப் பரிவு கொள்ளவைக்கின்றன, இரண்டும் பார்ப்பதையே குற்றமாக்குகின்றன. பிறகு ஏன் ஒருவர் வென்றார், மற்றவர் வீழ்ந்தார்? ஹிட்ச்காக்கிடமிருந்து மக்கள் மரணத்தை எதிர்பார்க்க ஐந்து ஆண்டுகளாகத் தொலைக்காட்சி பழக்கியிருந்தது. பவலிடமிருந்து அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. 'சைக்கோ'வையும் பல விமர்சகர்கள் முதலில் முகம் சுளித்தே வரவேற்றார்கள், ஆனால் அரங்குக்கு வெளியே வரிசை நீண்டுவிட்டதால் அவர்களுடைய சுளிப்புக்கு விலையில்லாமல் போனது. இது என் கணிப்புதான். இருந்தாலும் இரண்டு படங்களையும் அவற்றின் வரவேற்பையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்கு அகப்படவில்லை.

'சைக்கோ'வுக்குப் பிறகும் திருப்பம் நிற்கவில்லை. சொல்லப்போனால் கேள்வி கேட்டவரின் ஐயம் பிந்தைய படங்களுக்குத்தான் இன்னும் பொருந்தும். 'தி பேர்ட்ஸ்' 1963, 'மார்னி' 1964. 'மார்னி'யில் திருமணத்துக்குள் நடக்கும் வன்புணர்வுக் காட்சியை எழுத்தாளர் எவன் ஹன்டர் எதிர்த்தார், விலக்கப்பட்டார். இந்த இரு படங்களின் நாயகி டிப்பி ஹெட்ரென், ஹிட்ச்காக் தம்மைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்று 2016இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். ஹிட்ச்காக் 1980இலேயே இறந்துவிட்டதால் அவர் தரப்பைக் கேட்க வழியில்லை; என்றாலும் அந்தச் சாட்சியத்தை ஒதுக்கிவிட்டு இந்தப் படங்களைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 1966இல் 'டார்ன் கர்ட்டன்' படத்தில் ஒரு பண்ணைவீட்டுச் சமையலறையில் ஒரு மனிதனைக் கொல்லும் காட்சி, இசையே இல்லாமல், நீண்டுகொண்டே போகிறது. கத்தி முறிகிறது, மண்வாரியால் அடிக்கிறார்கள், கடைசியில் எரிவாயு அடுப்புக்குள் தலையைத் திணிக்கிறார்கள். ஒரு மனிதனைக் கொல்வது எவ்வளவு கடினம் என்று காட்டவே அப்படி எடுத்ததாகச் சொன்னார். அவர் எடுத்த வன்முறைக் காட்சிகளில் ஒழுக்கரீதியாக மிகவும் நேர்மையானது இதுதான் என்பது என் கருத்து.

1972இல் லண்டனுக்குத் திரும்பிப் போய் எடுத்த 'ஃப்ரென்ஸி'யில் தணிக்கையின் கட்டு முற்றிலும் அறுந்திருந்தது. முதல் கொலையை, அதற்கு முன் நடக்கும் வன்புணர்வோடு சேர்த்து, நேரடியாகவும் நீளமாகவும் காட்டினார். எனக்கு அது அவருடைய தோல்வி. நாற்பது ஆண்டுகள் மறைப்பதையே கலையாக வளர்த்தவர், அனுமதி கிடைத்தது என்பதற்காகவே காட்டியது போல இருக்கிறது. அதே படத்தில் இரண்டாவது பெண்ணைக் கொலைகாரன் கவென்ட் கார்டனில் உள்ள தன் மாடி அறைக்கு அழைத்துப் போகிறான். முதல் பெண்ணிடம் சொன்ன அதே வார்த்தைகளை இவளிடமும் சொல்கிறான், கதவு மூடுகிறது. கேமரா உள்ளே போவதில்லை. ஓசையின்றிப் பின்வாங்கி, மாடிப்படி வழியே இறங்கி, நடைவழியைக் கடந்து, சந்தை இரைச்சல் நிறைந்த தெருவுக்கு வந்து நிற்கிறது. வாசலில் மூட்டை சுமந்த ஒருவர் குறுக்கே போகும் இடத்தில்தான் படப்பிடிப்பு அரங்கில் எடுத்ததும் உண்மைத் தெருவில் எடுத்ததும் ஒட்டப்பட்டிருக்கின்றன. தொகுப்பாளராக எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஒட்டு என்னை மகிழவைக்கிறது. முதல் கொலையை அப்படிக் காட்டியிராவிட்டால் இந்தப் பின்வாங்கல் இவ்வளவு வலிமை பெற்றிருக்காது என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு பெண்ணின் துன்பத்தை அவ்வளவு நேரம் காட்டியதற்கு அது போதிய ஈடு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி கேட்டவர் இதைத் தாமே சோதித்துப் பார்க்க விரும்பினால் ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'ஷாடோ ஆஃப் எ டவுட்'. பிறகு தொலைக்காட்சித் தொடரில் அவரே இயக்கி 1958இல் ஒளிபரப்பான 'லாம்ப் டு தி ஸ்லாட்டர்'; அரை மணி நேரம்தான், ஒரு மனைவி கணவனைக் கொன்றுவிட்டு அந்த ஆயுதத்தையே சமைத்துக் காவலர்களுக்குப் பரிமாறுகிறாள், நாம் அவள் பக்கம் இருக்கிறோம். அடுத்து 'நார்த் பை நார்த்வெஸ்ட்'டை ஒதுக்கிவிட்டு நேராக 'சைக்கோ'வுக்குப் போங்கள். 'பீப்பிங் டாம்' படத்தை அதற்கு மறுநாள் பாருங்கள், ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். 'ஃப்ரென்ஸி'யின் முதல் கொலையை விலக்கிவிட்டுப் பார்த்தாலும் படம் புரியும். மாடிப்படிக் காட்சியை மட்டும் ஒலியைக் குறைக்காமல் பாருங்கள்.